நகராத நிறம்

வேதியியல் துறையில் அவரைவிட மூத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களும் அவரைச் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். தலை முழுக்க வெளுத்துப்போன துறைத்தலைவர் ஒருமுறை வெளியிலிருந்து வந்த விருந்தாளியிடம், "இவங்க எங்க சித்தி. பாலிமர் விஷயம் எதுவானாலும் இவங்களத்தான் கேக்கணும்" என்று அறிமுகம் செய்துவைத்தார். விருந்தாளி சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். இந்த வயதுக்காரருக்கு இவ்வளவு இளமையான சித்தியா என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடியது. யாரும் விளக்கம் சொல்லவில்லை. சித்தியும் சொல்லவில்லை. விளக்கம் சொல்வதில் அவருக்கு எப்போதும் ஆர்வம் இருந்ததில்லை. அளந்து காட்டுவதில்தான் இருந்தது.

பெயர் வந்த வழி எளிது. அவர் மணந்துகொண்டவர் அதே துறையில் ஆராய்ச்சியாளர், மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். அந்தக் குழந்தை பள்ளி விட்டதும் நேராக ஆய்வகத்துக்கு வரும். உள்ளே நுழையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வாசலிலேயே நின்று, "சித்தீ, பசிக்குது" என்று கட்டடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தும். கொஞ்ச நாளில் துறை முழுக்க அதே பெயர். முனைவர் பட்டம் வாங்க அவர் பட்ட பாட்டை நினைத்தால், அந்தப் பட்டம் இவ்வளவு சுலபமாகக் காணாமல்போனது அநியாயம்தான்.

அப்பா லாரி ஓட்டினார். அம்மா வீட்டிலிருந்தே துணி தைத்தார். இவர் மூத்த மகள். எதையும் நிதானமாகச் செய்பவர் என்று சொல்வது மரியாதை. அம்மா அந்த மரியாதையெல்லாம் பார்க்க மாட்டார். "நீ தலை வாரி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸுக்கு வயசாயிடும்டி" என்பார். அந்த நிதானம் வீட்டில் குற்றம், பள்ளியில் குறை, பாலிமர் வேதியியலில் மட்டும் தகுதி. சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டியதை உண்மையிலேயே சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறவர்கள் உலகத்தில் மிகக் குறைவு. அதனால், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் தற்காலிக வேலை ஒன்றில் அவர் நிரந்தரமாக இருந்தார்.

அவர் கையாண்ட பொருளைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. சாதாரண பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது. ஒயருக்கு அதில் உறை போடுவதே அதனால்தான். ஆனால் ஒருவகைப் பாலிமரில், சங்கிலி நெடுக ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும். எலெக்ட்ரான்கள் ஓரிடத்தில் அடங்கிக் கிடக்காமல் சங்கிலி முழுக்கத் திரியும். மின்சாரம் ஓடும், நிறம் கொழிக்கும், வெளிச்சம் பட்டால் வேலை செய்யும். இத்தனை நல்ல குணம் உள்ள பொருளுக்கு ஒரு கெட்ட குணம்: விறைப்பு. லேசில் கரையாது, யாரோடும் சேராது. கரையாத பொருளைப் பூச முடியாது, அச்சிட முடியாது. சீசாவில் போட்டுப் பெருமைப்படத்தான் முடியும். இதற்கு வழி, அந்தச் சங்கிலியை முதுகெலும்பாக வைத்து, அதன்மேல் வேறொரு சாதுவான பாலிமரைக் கிளைகிளையாக வளர்த்துவிடுவது. செடியில் ஒட்டுக் கட்டுவதுபோல என்பார்கள். கிளை குறைந்தால் கரையாது. கிளை கூடிவிட்டால் நெருக்கடியில் முதுகெலும்பு முறுக்கிக்கொண்டு, எலெக்ட்ரான் ஓட்டம் அறுந்து, நிறம் வெளிறி, எந்தக் குணத்துக்காக அதைச் செய்தோமோ அதுவே போய்விடும். ஒத்தாசைக்கு வந்த உறவினர் அதிகமாகி வீட்டுக்காரன் படுக்க இடமில்லாமல் போவதைப்போல.

சித்தியின் கணவருக்குத் துறையில் வித்தைக்காரர் என்று பெயர். புதிய மாணவர்கள் வந்தால் சூடாக்கிக் கொஞ்சமாகக் கரைத்த முதுகெலும்புப் பாலிமரின் ஆரஞ்சு நிறக் கரைசலை எடுத்து, அதில் கொஞ்சம் மெத்தனாலை விட்டுக் காட்டுவார். கண்ணெதிரே அது கருநீலமாக மாறும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அவர் இரண்டு கையாலும் இரண்டு வேலை செய்வார், பேசிக்கொண்டே ஊற்றுவார், ஊற்றிக்கொண்டே அடுத்த யோசனைக்குப் போய்விடுவார். சித்தி ஊற்றும்போது பேசுகிறவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். இப்படிப்பட்ட இருவர் ஒத்துப்போக முடியாது என்று எல்லோரும் நினைத்ததால்தானோ என்னவோ ஒத்துப்போனார்கள்.

அவர்கள் பழகியது ஒரு குடுவையைச் சுற்றி. கிளை வளர்க்கும் வினைக்குக் காற்றில் உள்ள ஆக்சிஜன்தான் எமன். குடுவையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பம்பு போட்டுக் காற்றை உறிஞ்சி, உருகவிட்டு, மறுபடி உறையவைத்து, மறுபடி உறிஞ்ச வேண்டும். உருகும்வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

"வீட்ல ஒரு ஆள் குறையுது" என்றார் அவர் ஒருநாள், குடுவையைப் பார்த்தபடி.

"விளம்பரம் குடுங்க."

"குடுத்தாலும் யாரும் வர மாட்டாங்க. தகுதி கொஞ்சம் கஷ்டமானது."

"அப்படி என்ன தகுதி?"

"பாப்பாவுக்குக் காலைல ஜடை பின்னத் தெரியணும். நான் பின்னினா கயிறு திரிச்ச மாதிரி இருக்குன்னு ஸ்கூல்ல சிரிக்கறாங்களாம்."

குடுவை பாதி உருகிய பிறகு சித்தி, "பின்னுவேன். ஆனா நேரமாகும்" என்றார்.

கல்யாணம் அதோடு முடிவாகிவிட்டது.

அடுத்த ஆண்டு இருவர் பெயரிலும் ஒரு கட்டுரை வந்தது. முதுகெலும்பு கணவர் செய்தது. அதில் கிளை தொடங்குவதற்கான கொக்கிகளை வரிசையாக மாட்டி, ஒவ்வொரு கொக்கியிலிருந்தும் பாலிஸ்டைரீன் கிளையை வளர்த்திருந்தார். தெர்மாகோல் செய்கிறார்களே, அதே பாலிஸ்டைரீன். அளந்தது சித்தி. அளக்கும் கருவியின் பெயர் ஜி.பி.சி. நுண்ணிய துளைகள் உள்ள மணிகளை நிரப்பிய நீண்ட குழாய் அது. பெரிய மூலக்கூறு துளைக்குள் நுழைய முடியாமல் நேராக நடந்து முதலில் வெளியே வரும். சிறியது கடைத்தெருவில் குழந்தை போவதுபோல ஒவ்வொரு துளைக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வரும். விறைப்பான சங்கிலிக்கு அது காட்டும் அளவு தவறு என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே மாதிரித் தவறாக அளப்பதால் யாருக்கும் சங்கடம் இல்லை.

வரைபடத்தில் ஒரே ஒரு முகடு வந்தது, முதுகெலும்பு மட்டும் இருந்தபோது வந்த இடத்தைவிடப் பெரிய அளவின் பக்கம் நகர்ந்து. ஒட்டாமல் தனியே கிடக்கும் பாலிஸ்டைரீன் இருந்தால் போகட்டும் என்று பொருளை அசிட்டோனில் மணிக்கணக்காகக் கழுவினார்கள். எதுவும் பிரிந்து வரவில்லை. பிரியவில்லை, முகடு ஒன்று, எனவே ஒட்டிக்கொண்டது. முகட்டின் பின்பக்கம் சின்னதாக ஒரு வால் இருந்தது. சித்தி அதைப் பற்றிக் கேட்டார். கணவர் சிரித்தார். "எந்தப் பாலிமருக்குத்தான் வால் இல்ல? உனக்கு எனக்குத்தான் இல்ல" என்றார்.

கட்டுரையைப் பலர் மேற்கோள் காட்டினார்கள். இரண்டு ஆய்வகங்கள் மட்டும், எங்களுக்கு வரவில்லையே என்று எழுதிக் கேட்டன. ஈரம் பட்டிருக்கும் என்று அவர் அன்பாகப் பதில் போட்டார்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு மழைநாளில், பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்த கணவர் குடையோடு சரிந்தார். மாரடைப்பு. எல்லாவற்றையும்போல அதையும் அவசரமாகவே முடித்துவிட்டார்.

அவர் போன பிறகு, மகளை அழைத்துப்போக அவளுடைய பெரியம்மா வந்தார். இறந்த தாயின் அக்கா. நியாயமாகப் பேசினார். ரத்த சம்பந்தம் இல்லாத இடத்தில் வயசுப் பெண் ஒருத்தி எதற்கு என்றார். மறுத்துப் பேசத் தனக்கு உரிமை உண்டா என்பது சித்திக்கே தெரியவில்லை. மகள்தான் கதவருகே நின்று சொன்னாள்:

"நான் வரல பெரியம்மா. எனக்கு யாரு ஜடை பின்னுவாங்க?"

அப்போது அவள் முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். பெரியம்மா அந்தத் தலையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்தப் பெண் வேதியியல்தான் படிப்பேன் என்றபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அதே துறையில், துறைத்தலைவரிடமே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். அப்பாவின் முறையில், அப்பாவின் முதுகெலும்பில், வேறுவகைக் கிளைகளை வளர்ப்பது தலைப்பு. அவளுடைய வயதில் மற்றவர்கள் மேசைக்குமேல் நடிகர் படம் ஒட்டியிருந்தார்கள். அவள் அப்பாவின் கட்டுரையிலிருந்து அந்த ஒற்றை முகட்டை வெட்டி ஒட்டியிருந்தாள்.

முதலில் அப்பா செய்ததையே அப்படியே செய்து பார்ப்பது என்று ஆரம்பித்தாள். வரவில்லை. முதுகெலும்பு குடுவைக்குள் எப்படிப் போனதோ அப்படியே வெளியே வந்தது. வெப்பத்தை மாற்றினாள், செம்பு வினையூக்கியை மாற்றினாள், குடுவையையே மாற்றினாள். ஓராண்டுக்குமேல் இது நடந்தது. பக்கத்து மேசைத் தோழி, "போன மாதிரியே திரும்பி வந்துடுச்சா? எவ்ளோ ஒழுக்கமான பிள்ளைடி" என்று கிண்டல் செய்வாள். முதலில் இவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். துறைத்தலைவர் நல்ல மனிதர், ஆறுதல் சொல்லுவதாக நினைத்து, "உங்கப்பா கைராசி அப்படிம்மா. எல்லாருக்கும் வந்துடாது" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

அன்று மாலை அவள் சமையலறையில் வந்து நின்றாள்.

"எனக்குக் கை இல்ல சித்தி."

"ரெண்டு இருக்கே."

"ஜோக் அடிக்காதீங்க. அப்பாவுக்கு வந்தது எனக்கு வரல. அவர் இருந்தா என்னப் பாத்து வெக்கப்பட்டிருப்பாரு. நான் விட்டுடறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனில ஆள் எடுக்கறாங்க. கெமிஸ்ட்ரியே வேணாம்."

"கொஞ்ச நாள் பொறு."

"எத்தன நாள் பொறுத்தாலும் கை முளைக்காது."

மறுநாள் சித்தி அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. தான் கற்றுக்கொடுத்தபடியே செய்தாள். முதுகெலும்பில் கொக்கி மாட்டியதும், அதைக் கரைத்து, மெத்தனாலில் ஊற்றி, படிந்ததை வடித்து, மறுபடி கரைத்து, மறுபடி வடித்து, பம்பில் நெடுநேரம் உலர்த்தினாள். பார்த்துக்கொண்டிருந்தபோது சித்திக்குக் கணவர் வேலை செய்யும் விதம் நினைவுக்கு வந்தது. அவர் இப்படிச் செய்ய மாட்டார். ஒருமுறை ஊற்றுவார், வடிப்பார், ஈரம் காய்ந்தும் காயாமலும் அடுத்த வினைக்கு எடுத்துப்போய்விடுவார். அப்பாவுக்கும் மகளுக்கும் செய்முறையில் வேறு எந்த வித்தியாசமும் இல்லை. மகள் சுத்தம்.

அலமாரியின் பின்வரிசையில் கணவரின் பழைய மாதிரி ஒரு சின்னச் சீசாவில் இருந்தது. சித்தி அதில் ஒரு துளியை எடுத்துக்கொண்டு கருவி அறைக்குப் போனார். இப்போது இருந்தது புதிய ஜி.பி.சி. அதற்கு இரண்டு கண். ஒன்று, குழாயிலிருந்து வெளியே வரும் எதையும் பார்க்கும். பழைய கருவிக்கு இருந்தது அது ஒன்றுதான். இன்னொன்று நிறமுள்ளதை மட்டும் பார்க்கும். பாலிஸ்டைரீனுக்கு நிறம் கிடையாது. நிறம் முழுக்க முதுகெலும்புக்கே சொந்தம்.

"என்ன சித்தி, பழைய சரக்கா?" என்றார் மிஷின்காரர். கருவியை இயக்குபவர், தன் கருவியைத் தவிர எதையும் சீரியஸாக எடுத்துக்கொள்ளாதவர்.

"பழையதுதான். ரெண்டு கண்ணாலயும் பாத்துச் சொல்லுங்க."

முதல் கண்ணில் அந்தக் கட்டுரையின் முகடு, அதே இடத்தில், அதே வடிவில் எழுந்தது. இரண்டாவது கண்ணின் கோடு அப்போது தட்டையாகக் கிடந்தது. முகடு இறங்கி முடியும் நேரத்தில், அந்த வால் இருந்த இடத்தில், நிறம் வந்தது. கிளை எதுவும் வளர்க்காத வெற்று முதுகெலும்பு எங்கே வருமோ, அங்கே. ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

மிஷின்காரர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "இது வேற ஆளு, அது வேற ஆளு சித்தி. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வந்திருக்காங்க, அவ்வளவுதான்." பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தார், பார்த்ததும் எழுந்து, இல்லாத வேலை ஒன்றைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

சித்தி இன்னும் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். மாறவில்லை.

நடந்தது இதுதான். கொக்கிகள் முதுகெலும்பில் மாட்டிக்கொள்ளவே இல்லை. மாட்டுவதற்காகச் சேர்த்த மருந்தில் மிச்சம் இருந்தது. மெத்தனாலில் ஊற்றியதும் அது தனியாகவே கிளை தொடங்கக்கூடிய இன்னொரு பொருளாக மாறி, பாலிமரின் மடிப்புகளில் ஒளிந்துகொண்டது. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். படத்தில் கொக்கி என்று நினைத்த சின்ன மேடு அதுதான். அடுத்த குடுவையில் அது தன்பாட்டுக்குப் பாலிஸ்டைரீனை வளர்த்தது, யாரையும் பற்றிக்கொள்ளாமல். அந்த நீளமான பாலிஸ்டைரீனுக்கு அசிட்டோன் பிடிக்காது, அதில் கரையாது. அதனால் கழுவியபோது பிரியவில்லை. அழுக்காகச் செய்ததால் அவருக்கு வந்தது. சுத்தமாகச் செய்ததால் மகளுக்கு வரவில்லை. ஓராண்டாக அவள் கையில் கிடைத்த வெறுமைதான் சரியான விடை. கட்டுரையின் முகடுதான் பிழை.

இதைச் சொன்னால் பெண்ணுக்குக் கை திரும்பக் கிடைக்கும், அப்பா போய்விடுவார். சொல்லாவிட்டால் அப்பா இருப்பார், தன் கை உதவாத கை என்று நம்பிக்கொண்டே அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போவாள். மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது, மூன்றிலும் சுலபமானது. 'ஒருதடவை கழுவினா போதும்மா, அப்பா அப்படித்தான் செய்வாரு' என்று ஒரு வார்த்தை. உடனே முகடு வரும். பெண் குதிப்பாள், பட்டம் வாங்குவாள், அப்பாவும் சுவரில் அப்படியே இருப்பார். பொய்யாக இருக்கப்போவது பாலிமர் மட்டும். பாலிமர் யாரிடமும் போய்ப் புகார் சொல்லாது. அந்த வார்த்தையைச் சித்தி சில நாட்கள் வாயிலேயே வைத்திருந்தார். சாப்பிடும்போது வைத்திருந்தார், துணி மடிக்கும்போது வைத்திருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்ன மாலையில், இரண்டு கோடுகளும் அச்சிட்ட தாளை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"என்ன இது?"

"அப்பாவோட சாம்பிள். புது மிஷின்ல போட்டேன். மேல இருக்கறது எல்லாம். கீழ இருக்கறது நிறம்."

அவள் படித்தவள், ஒரு பார்வை போதும். ஆனால் நெடுநேரம் பார்த்தாள்.

"மாத்திப் போட்டுட்டீங்க."

"மூணு தடவ போட்டேன்."

"அப்போ கெட்டுப்போயிருக்கும். எத்தன வருஷம் ஆச்சு. கிளையெல்லாம் உதிர்ந்திருக்கும்."

"உதிர்ந்திருந்தா மேல இருக்கற முகடு சின்ன அளவு பக்கம் போயிருக்கும்மா. அது பேப்பர்ல இருந்த எடத்துலயே இருக்கு. அன்னிக்கும் இப்படித்தான் இருந்திருக்கு."

அவள் தாளைக் கவிழ்த்துவைத்தாள். மறுபடி நிமிர்த்தினாள்.

"உன் கைல தப்பே இல்ல" என்றார் சித்தி. "நீ சுத்தமா செஞ்ச. அதனாலதான் வரல. இந்தத் துறையில உன்ன மாதிரி செய்யறவங்க யாரும் இல்ல."

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்க்கும் அளவுக்குச் சித்தி முட்டாள் இல்லை. ஆனாலும் ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தார்.

"இதுக்கு எனக்குக் கை இல்லன்னே இருந்திருக்கலாம்" என்றாள் மகள்.

குக்கர் ஒருமுறை கத்தி அடங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அந்த வால் அன்னிக்கே இருந்துச்சு. நான் கேட்டேன். சிரிச்சாரு."

"சிரிச்சாருன்னா? தெரிஞ்சு சிரிச்சாரா, தெரியாம சிரிச்சாரா?"

சித்தி யோசித்தார். அந்தச் சிரிப்பை அவர் எத்தனையோ முறை நினைவில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. அவசரக்காரனின் சிரிப்பாகவும் இருக்கலாம். மாட்டிக்கொண்டவனின் சிரிப்பாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துக் காட்டும் கண் எந்தக் கருவியிலும் இல்லை.

"எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

"தெரியாம சிரிச்சாருன்னு சொல்ல வேண்டியதுதானே? என்ன போயிடும் உங்களுக்கு?"

"அது எனக்கு நிச்சயமா தெரியாதே."

"நிச்சயம்!" என்றாள் அவள். எழுந்து அறைக்குப் போனாள். கதவை அறையவில்லை, மெதுவாகச் சாத்தினாள். அந்த மெதுவைச் சித்தியிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருந்தாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று சித்தி சொன்னபோது துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செத்தவர் மேல எதுக்கு சித்தி? இப்ப யாரும் கேக்கலியே."

"அன்னிக்கு ரெண்டு பேர் கேட்டாங்க. ஈரம்னு சொல்லிட்டோம்."

"உங்க பேரும்தானே அதுல இருக்கு. வேலைய வருஷா வருஷம் புதுப்பிக்கறாங்க, யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டேன் சார். மெதுவாத்தான் யோசிச்சேன்."

ஆய்விதழிலிருந்து, இறந்த கட்டுரையாசிரியரின் குடும்பத்துக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். மனைவியாக அவரே பதில் எழுதியிருக்கலாம். மகளைக் கேட்டார். "சம்மதம்னு போடுங்க. என்னக் கேக்காதீங்க" என்றாள் அவள், சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே. வேறொரு ஊரில், வேறொரு ஆய்வகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இன்ஷூரன்ஸுக்குப் போகவில்லை, அந்த அளவில் சித்தி நினைத்தது நடந்தது. வாசலில் வண்டி வந்ததும், "வரேன்" என்றாள். சித்தி பெட்டியைத் தூக்க வந்தார். "இருக்கட்டும், நானே எடுத்துக்கறேன்" என்றாள். அவ்வளவு மரியாதையாக அவள் அந்த வீட்டில் அதுவரை பேசியதில்லை.

அதன் பிறகு போன் வரும். சாப்டியா, சாப்டேன். குளிரா, இல்ல. விடுமுறைக்கு வருவியா, பாக்கறேன். பார்த்ததில், வேலை அதிகம் என்று தெரிந்தது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகலாம். அவள் சண்டை போடவே இல்லை.

வேலை அந்த ஆண்டும் புதுப்பிக்கப்பட்டது. கட்டுரையைத் திரும்பப் பெற்றவர் என்று கொஞ்சம் விலகி நடந்தவர்களும் கழுவும் முறை கேட்கச் சித்தியிடமே வந்தார்கள். அவர் வேறொரு காரியத்தில் இருந்தார். மகள் விட்டுப்போன முதுகெலும்பு ஒரு சீசாவில் இருந்தது. அத்தனை சுத்தமான ஒன்றை அந்தத் துறை கண்டதில்லை. அதில் கொக்கி மாட்டும் வினையைச் சூட்டில், நாட்கணக்கில், பொறுமையாக ஓட்டினார். ஒவ்வொரு முறையும் எஞ்சிய மருந்து துளியும் இல்லாமல் கழுவினார். பல தடவை தோற்றார். கடைசியில் ஒருநாள் மிஷின்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, முதல் கண்ணில் முகடு எழும்ப, இரண்டாவது கண்ணிலும் அதே கணத்தில் எழும்பியது. நிறம் நகர்ந்துவிட்டது. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன.

மிஷின்காரர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். "சித்தி, இப்பதான் ரெண்டு பேரும் ஒரே ஆளு!"

சித்தி வராந்தாவுக்குப் போய் மகளுக்குப் போன் செய்தார்.

"நகந்துடுச்சு."

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. "எவ்ளோ?" என்றாள்.

"முழுசா. பின்னால ஒண்ணும் மிச்சமில்ல."

"யாரு செஞ்ச முதுகெலும்பு?"

"உன்னோடது. அது இல்லன்னா இது இல்ல. உன் பேருதான் முதல்ல வரணும். எழுதிடட்டுமா?"

"அப்பா பேரு?"

"அப்பா இத செய்யலம்மா."

"யோசன அவரோடது."

"நன்றின்னு ஒரு வரி போடலாம். கண்டிப்பா போடறேன்."

"எதுக்கு நன்றி? தப்பா செஞ்சதுக்கா?" குரல் உடைந்து, பிறகு தன்னைத் தானே ஒட்டிக்கொண்டது. "அந்தப் பேப்பர நீங்க எடுத்துட்டீங்க. சரி, எடுக்க வேண்டியதுதான், எனக்கும் தெரியும். அவர் பேரு இருந்த எடத்துல நான் என் பேர வெச்சிக்கணுமா? வேணாம் சித்தி. நீங்க மட்டும் போட்டுக்கோங்க."

"நீதானே செஞ்ச."

"பரவால்ல." பிறகு, வழியில் பார்த்த ஒருவரிடம் கேட்பதுபோல, "உடம்பு நல்லா இருக்கா?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"வெச்சிடறேன்."

கட்டுரை சித்தியின் பெயரிலும் துறைத்தலைவர் பெயரிலும் போனது. முடிவில், முதுகெலும்பைச் செய்துதந்த, பெயர் வெளியிட விரும்பாத ஒருவருக்கு நன்றி என்று சித்தி ஒரு வரி சேர்த்திருந்தார். அச்சுக்கு முன் ஆய்விதழிலிருந்து ஒரு குறிப்பு வந்தது: பெயரில்லாத நன்றியை எங்கள் விதிப்படி அச்சிட இயலாது, பெயரைத் தரவும், அல்லது வரியை நீக்கவும். மகளிடம் இன்னொருமுறை கேட்கலாமா என்று சித்தி போனை எடுத்தார். எடுத்து, கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மேசையில் கவிழ்த்தார். பிறகு வரியை நீக்கிவிடலாம் என்று பதில் எழுதினார்.

அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும். கொக்கி மாட்டியது எப்படி, எத்தனை முறை கழுவியது, இரண்டு கண்ணும் எதைப் பார்த்தன, எல்லாம் துல்லியமாக இருக்கிறது. முதுகெலும்பு எங்கிருந்து வந்தது என்ற இடத்தில், எங்கள் ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்று மட்டும் இருக்கிறது.